உம் கொட்டும் ஊர்: வாய்மொழிக் கதைத் திருவிழா நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கதை சொல்லத் தொடங்கும் பாட்டி முதலில் கேட்டுக்கொள்வது உம் கொட்டச் சொல்லித்தான். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தும்போது உடன் அமர்ந்திருப்பவர்கள் "ஆமா" என்று ஏற்றுக்கொள்வதும், சத்தீஸ்கரின் பாரதக் கதைப்பாட்டான பாண்டவானியில் பாடுபவருக்குப் பக்கத்திலிருக்கும் ராகி என்னும் துணைவர் இடையிடையே குரல் கொடுத்து "அப்புறம்?" என்று தூண்டுவதும் அதே உம்மின் மேடை வடிவங்கள்தாம். கதைக்கு ஹுங்காரா, படைக்கு நகாரா என்ற பொருளில் ராஜஸ்தானத்தில் ஒரு பழமொழியே உண்டு. படை நகர முரசு வேண்டும், கதை நகர உம் வேண்டும்.

ஒரு தெருவோ, சிற்றூரோ, குடியிருப்போர் சங்கமோ, நூலக வாசகர் வட்டமோ தன் சொந்த முயற்சியில் ஒரு கதைத் திருவிழாவை நடத்துவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, விருந்தினர் உரை எல்லாம் நம் ஊர்க் குழுக்களுக்குப் பழக்கமான வேலைகள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அந்த உம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவ்வளவு பழக்கமானதன்று. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றைக் காப்பதற்காகவே.

முதல் படி: ஊருக்குள் இருக்கும் கதைகளைக் கேட்டறிதல்

திருவிழாவுக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும். ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு போதுமானது. அதில் இருவராவது அறுபது வயதைக் கடந்தவர்களாகவும், இருவராவது பெண்களாகவும் இருந்தால் பல வீடுகளின் அடுக்களை வரை கதை கேட்கச் செல்ல முடியும். இருவர் இருவராகச் செல்லுங்கள். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் குறிக்க வேண்டும். கேட்பவரே குறிப்பேட்டில் குனிந்திருந்தால் சொல்பவரின் முகத்தைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடும்.

"உங்களுக்கு நாட்டுப்புறக் கதை தெரியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கென்னப்பா தெரியும், நான் படிக்காதவ." கேள்வியை மாற்ற வேண்டும். "அந்த ஆலமரத்துப் பக்கம் ராத்திரியில ஏன் யாரும் போக மாட்டேங்கிறாங்க, பாட்டி?" என்றோ, "நம்ம ஏரிக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு?" என்றோ கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் ஒரு பேய், ஒரு கிணறு, அண்ணன் தங்கை இருவர், ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம் என்று வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு கதைக்கும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்: யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், வழக்கமாக எப்போது சொல்லப்படும், சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். பெயரை வெளியிடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

கதை என்பது உரைநடையாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. நடவுப் பாட்டு, தாலாட்டு, விடுகதை, பழமொழிக்குப் பின்னாலிருக்கும் நிகழ்ச்சி எல்லாம் இதற்குள் அடங்கும். விடுகதையைப் ‘பிசி’ என்ற பெயரில் பாட்டோடும் உரையோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியது தொல்காப்பியம். நாம்தான் அதைக் குழந்தை விளையாட்டாக ஒதுக்கிவிட்டோம். ஒப்பாரியைக் கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று கருதும் பெண்கள் பலர். வீட்டுக்கு வெளியே, களத்துமேட்டிலோ தோட்டத்திலோ அமர்ந்து பாடச் சிலர் ஒத்துக்கொள்வார்கள், ஒத்துக்கொள்ளாதவரை வற்புறுத்தலாகாது.

இந்தச் சுற்றில் பக்கத்து வீட்டின் மொழியையும் மறந்துவிடாதீர்கள். மதுரையில் சௌராஷ்டிர மொழியும், ஆம்பூர் வாணியம்பாடிப் பகுதியில் உருதும், ஒசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக இருக்கின்றன. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கும் நகரங்களின் கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் ஊர்க் கதைகளையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். இந்தியக் கதை மரபுகளைக் கொண்டாட ரயிலேறி ஆளழைத்து வருவதற்கு முன்னால், நம் தெருவின் கடைசி வீட்டில் தங்கியிருக்கும் இளைஞரிடம் அவருடைய பாட்டி சொன்ன கதை ஒன்றைக் கேட்பது எளிது. என்னைக் கேட்டால், அதுவே சிறப்பும்கூட.

இரண்டாம் படி: எந்த மரபுகளை அழைப்பது

ஊர்க்கதை சொல்லிகளோடு, தொழிலாகக் கதை பாடும் கலைக்குழு ஒன்றையாவது அழைத்தால் திருவிழாவுக்கு ஒரு நடுத்தூண் கிடைக்கும். முதல் முறை நடத்துபவர்கள் ஒரு குழுவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே மாலையில் நான்கு குழுக்களை இருபது இருபது நிமிடம் ஏற்றி இறக்குவது கண்காட்சியாகுமே தவிர, கதை கேட்டதாகாது.

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தின் மரபு வில்லுப்பாட்டு. மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருப்பது ஏறத்தாழப் பத்தடி நீள வில்; அதில் கட்டிய மணிகள் வீசுகோலின் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடமடிப்பவர் குடத்தின் வாயில் தட்டி எழுப்பும் அடித்தொனிதான் பாட்டைத் தாங்கும் தரை. உடுக்கையும் தாளமும் கட்டையும் கூட வரும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி என்று அதற்கென்று ஒழுங்கு ஒன்று உண்டு. கோயில் கொடை விழாக்களில் வேர்கொண்ட இந்தக் கலையைப் பொது மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதை இருக்கிறது. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை அருக்காணி ஆகியோரின் இந்தக் கதை பல இரவுகள் நீளக்கூடியது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர் அதன் வழிபாட்டு மையம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் கதையைச் சொல்ல, இரவில் அதே கதையைக் கூத்தாகக் காண்பார்கள். ஒரே கதையைக் காதாலும் கண்ணாலும் இரு முறை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையை ஒட்டி, காமன் எரிந்தான் என்னும் எரிந்த கட்சி, எரியவில்லை என்னும் எரியாத கட்சி என்று இரு தரப்பாகப் பிரிந்து வாதிடும் லாவணி உண்டு. மராத்திய கீர்த்தன மரபு தஞ்சையில் தமிழோடு கலந்து உருவான கதாகாலட்சேபத்தையும், தோலில் வெட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டி இராமாயணம் சொல்லும் தோல்பாவைக் கூத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு அப்பால் பார்த்தால், ஆந்திரத்தின் புர்ரகதை நம் காதுக்கு மிக எளிதில் பழகும். நடுவில் நிற்பவர் தம்புராவோடு கதை சொல்ல, ஒரு பக்கத்தில் நிற்பவர் நகைச்சுவையையும் மறுபக்கத்தில் நிற்பவர் நாட்டு நடப்பையும் கவனித்துக்கொள்வார். 1986இல் பத்மஸ்ரீ பெற்ற ஷேக் நாசர் இதன் பெரும் கலைஞர். பாண்டவானியில் தீஜன் பாய் கையிலுள்ள தம்புராவே பீமனின் கதாயுதமாகவும் அர்ச்சுனனின் வில்லாகவும் மாறுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆண்களே நின்று பாடிவந்த காபாலிக முறையில் பாடி முன்னுக்கு வந்த அவருக்கு 2019இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. ராஜஸ்தானத்தில் பாபுஜி என்னும் நாட்டுப்புறத் தெய்வத்தின் கதையை நீண்ட துணி ஓவியத்தின் முன் இரவில் பாடுவார்கள். கதை எந்த இடத்துக்கு நகர்கிறதோ அங்கே விளக்கை உயர்த்திக் காட்டுவார் போபி எனப்படும் பாடகரின் மனைவி. வங்காளத்தின் படுவாக்கள் தாங்களே வரைந்த ஓவியச் சுருளை அவிழ்த்துக்கொண்டே பாடுவார்கள். உருது மொழியின் கதைசொல்லும் கலையான தாஸ்தான்கோயி, டில்லியின் மீர் பாகர் அலி 1928இல் மறைந்த பிறகு ஏறக்குறைய அற்றுப்போய், 2005இல் மீண்டும் மேடை கண்டது. அறுந்த மரபையும் எடுத்துக் கட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

கலைக்குழுக்களைக் கண்டறியக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகங்கள், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை ஆகியவற்றை அணுகலாம். இவற்றைவிட விரைவான வழி, கொடை நடக்கும் ஊரின் கோயில் தர்மகர்த்தாவிடம் "உங்க கொடைக்கு யாரு வில்லு?" என்று கேட்பது.

மூன்றாம் படி: நாள் குறித்தல்

வில்லிசைக் குழுக்களுக்கும் கூத்துக் குழுக்களுக்கும் பங்குனி முதல் ஆடி வரை கோயில் நிகழ்ச்சிகள் நெருக்கமாக இருக்கும். அது அவர்களுடைய ஆண்டு வருமானத்தின் காலம். அப்போது அழைத்தால் வர மாட்டார்கள், வந்தாலும் களைத்த குரலோடு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்ச் 20 உலகக் கதைசொல்லல் நாள் என்றாலும், நம் பொதுத் தேர்வுகள் அதே மாதத்தில் வருவதால் பிள்ளைகள் வர மாட்டார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பொங்கலுக்குப் பின் தை மாதத்தின் இரண்டாம் பாதியும் மாசியின் தொடக்கமும் பொருத்தமாக அமைகின்றன. மகா சிவராத்திரிக்குத் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடும். வீரப்பூர்த் திருவிழாவும் மாசியில்தான். அந்த நாட்களை விலக்குங்கள். வளர்பிறைச் சனிக்கிழமை கிடைத்தால் நிலவொளி இலவசம்.

நான்காம் படி: கலைஞர்களிடம் பேசுதல்

தொலைபேசியில் தொகை பேசி முடிப்பதைவிட, ஒருமுறை நேரில் சென்று வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது. குழுவில் எத்தனை பேர், எந்த வாகனம், கருவிகளை இறக்க எவ்வளவு நேரம், ஒப்பனை உண்டா, எப்போது உண்பார்கள் என்பனவற்றை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண் கலைஞர்கள் இருந்தால் தாழிடக்கூடிய அறையும் கழிப்பறையும் அரங்கின் அருகிலேயே இருக்க வேண்டும். ஊரின் மறு முனையிலுள்ள யாருடைய வீட்டையோ காட்டுவது ஏற்பாடாகாது. மீதித் தொகையை நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, அவர்கள் வண்டியேறும் முன் கையில் கொடுத்துவிட வேண்டும். "நாளைக்கு அனுப்பிவிடுகிறோம்" என்ற சொல்லை ஆண்டு முழுவதும் கேட்டு நொந்தவர்கள் அவர்கள்.

இந்தக் கலைகளைப் பாடிவருபவர்களில் பலர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கதையைத் திண்ணைக்குக் கீழே நின்று சொல்லவைத்த ஊர்களும், தண்ணீரைத் தனிக் குவளையில் கொடுத்த ஊர்களும் உண்டு. எனவே ஒரே பந்தியில் உணவு, ஒரே வரிசையில் இருக்கை என்பதைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்; இதை ஏற்காத புரவலரின் நன்கொடையை வாங்காதிருப்பதும் அந்த முடிவிலேயே அடங்கும்.

ஐந்தாம் படி: கதையைத் தேர்ந்தெடுத்தல்

வாய்மொழிக் கதைகளில் சில வழிபாட்டின் உறுப்புகள். சுடலைமாடன் கதையில் சில கட்டங்கள் பாடப்படும்போது கேட்பவர்மேல் சாமி வருவது கொடையில் எதிர்பார்க்கப்படுவது. பள்ளி மைதானத்தில் அது நேர்ந்தால் யாருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மகுடம் என்னும் பறையை இசைத்து ஆடும் கணியான் கூத்தின் சடங்குப் பகுதிகளைக் கோயிலுக்கு வெளியே காட்டச் சொல்லிக் கேட்பது முறையன்று. எந்தக் கதையைக் கோயிலுக்கு வெளியே பாடலாம், எதைப் பாடக் கூடாது என்பதைக் கலைஞரே சொல்லட்டும். அவர் "இது வேண்டாம்" என்றால் காரணம் கேட்டு மடக்க வேண்டியதில்லை. இன்னொரு கவனமும் தேவை. பல கதைப்பாடல்களின் நடுவே சாதிக் கொலையோ கலப்பு மணமோ இருக்கிறது. ஒரு சமூகம் தன் வீரனாகக் கொண்டாடுபவனை மற்றொரு சமூகம் எப்படி நினைக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்கள் பலரிடமும் கேட்டறிந்த பின் கதையை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது நேரம். விடிய விடியப் பாடப்பட்ட கதையை ஒன்றரை மணி நேரத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? "சுருக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்பதே நம்மவர் வழக்கம். சுருக்கினால் என்ன ஆகும் தெரியுமா? நல்லதங்காள் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு புறப்பட்டாள், அண்ணி துரத்தினாள், கிணற்றில் விழுந்தாள் என்று செய்தி மட்டும் மிஞ்சும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கட்டத்தை முழுதாகப் பாடச் சொல்லுங்கள். பசித்த பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் அவள் நிற்கிறாள். உள்ளே அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அந்த ஒரு வாசற்படியில் வில்லிசைப் புலவரால் நாற்பது நிமிடம் நிற்க முடியும். பச்சை வாழைமட்டையை அடுப்பில் வைத்து எரியச் சொல்லும் கொடுமையையும், பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாயின் முகத்தைப் பார்ப்பதையும் அவர் விரித்துப் பாடும்போதுதான் கூட்டத்தில் உம் எழும், பிறகு அதுவும் அடங்கும். கூத்துக்குழுவானால் கர்ண மோட்சம், அர்ச்சுனன் தபசு போன்ற தனிக் கட்டங்கள் முன்பே வடிவம் பெற்றவை; கேட்டாலே போதும். முன்கதையைத் தொகுப்பாளர் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஆறாம் படி: இடமும் ஒளியும் ஒலியும்

கேட்பவர் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், ஊர்க்கதை சொல்லிகளுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். மரத்தடி, கோயில் மண்டபம், நூலக முற்றம், அடுக்ககத்தின் மாடி எதுவானாலும், கடைசி வரிசையிலிருப்பவர் சொல்பவரின் கண்ணைப் பார்க்க முடிகிறதா என்பதை நீங்களே அமர்ந்து சோதியுங்கள். ஆறடி உயர மேடை அரசியல் கூட்டத்துக்குச் சரி; கதைக்கு ஒன்றரை அடி போதும். அரைவட்டமாகப் பாய் விரித்து, முதியவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் பின்னால் நாற்காலி போடுங்கள். முன்வரிசையில் சோபா வேண்டாம். முக்கியப் பிரமுகர் எழுந்து போனதும் காலியாகக் கிடக்கும் சோபாவைப் பார்த்துக் கதை சொல்வது எவருக்கும் கடினம்.

பெரிய கூட்டத்தில் வில்லிசைக்கு ஒலிவாங்கி வைப்பது தனிக் கலை. புலவருக்கு ஒன்று, குடத்தின் வாயிலிருந்து ஓரடி தள்ளி ஒன்று, உடன்பாடுபவர்களுக்குப் பொதுவாக ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் போதும். வில்லுக்கு மிக அருகில் வைத்தால் மணியோசை சொற்களை விழுங்கிவிடும். நிகழ்ச்சிகள் தொடங்கும் முன்பே ஒலியைச் சோதியுங்கள்; அப்போது அரங்கின் கடைசியில் நின்று கேட்பவர் ஒலியமைப்பாளராக இல்லாமல் கதை கேட்க வந்த ஒரு பாட்டியாக இருக்கட்டும். எதிரொலி வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள். வண்ணச் சுழல் விளக்குகள் வேண்டாம். முகம் தெரியும் அளவுக்கு மஞ்சள் விளக்கு இரண்டு, கேட்பவர் பக்கம் மங்கலான வெளிச்சம்.

ஏழாம் படி: அனுமதிகள்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து வடிவில் முன் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய நிகழ்ச்சிகளுக்காக நள்ளிரவு 12 வரை நீட்டிக்க மாநில அரசுக்கு ஆண்டுக்கு 15 நாட்கள் வரை அதிகாரம் உண்டு என்றாலும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கக்கூடும் என்பதால், பள்ளி மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மூன்று வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வைத்திருங்கள். மழை வந்தால் எங்கே மாறுவது என்பதையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம்.

எட்டாம் படி: அன்றைய நாளின் ஓட்டம்

பத்து மணிக்கு முடிக்க வேண்டும் என்பதால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 8 மணி முதல் 9.45 வரை கலைக்குழு. 7.15க்கு உணவு. 5.30 முதல் 7.15 வரை ஊர்க்கதை சொல்லிகள் எட்டுப் பேர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். 4 மணிக்குப் பிள்ளைகளுக்கு விடுகதைப் போட்டி. "கதை கதையாம் காரணமாம்" என்று ஒரு பாட்டி தொடங்கிவைத்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் பாட்டியையே மடக்கத் தொடங்குவார்கள். நிமிடக் கணக்கை மிகக் கறாராக வைக்க வேண்டாம். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மணியடித்து நிறுத்துவது பட்டிமன்றத்துக்குத்தான் பொருந்தும்.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நினைவுப்பரிசு, பொன்னாடை ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் என்று குழுவில் எழுத்திலேயே முடிவு செய்யுங்கள். நான் உடனிருந்து நடத்திய ஒரு நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்ததும், வந்த பின் ஒவ்வொருவராக மேடையேறிப் பொன்னாடை போர்த்தியதும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டன. வில்லைக் கட்டிவைத்துவிட்டு அதன் பின்னால் அமர்ந்திருந்த புலவர் ஒரு சொல்லும் பேசவில்லை. குடமடிப்பவர் மட்டும் குடத்தின் வாயை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார். அவர்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். காப்பும் அவையடக்கமும் முடிந்து நாட்டு வளம் பாடும்போது மணி பத்து. கதை தொடங்கவே இல்லை. அதன் பின் நாங்கள் நடத்தியவற்றில் மரியாதை செய்யும் நேரத்தை உணவு இடைவேளைக்கு மாற்றிவிட்டோம்.

ஊர்க்கதை சொல்லிகளுக்கு முன்னதாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சிறு பயிற்சி வைக்கலாம். பயிற்சி என்பது கதையை எழுதி மனப்பாடம் செய்வதன்று. மனப்பாடக் கதை பேச்சுப்போட்டியின் வாடை அடிக்கும். ஒருவர் சொல்ல, இன்னொருவர் எதிரில் அமர்ந்து உம் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கே உம் தளர்கிறதோ அங்கே கதை தேவையின்றி நீள்கிறது என்று சொல்பவருக்கே விளங்கிவிடும். அதே இருவர் மேடைக்கும் சேர்ந்தே ஏறட்டும். முதன்முறை மேடையேறும் பாட்டிக்கு முன்னால் ஒரு பேரப்பிள்ளையை உட்காரவைத்தால், ஒலிவாங்கியும் கூட்டமும் அவர் நினைவிலிருந்து மறைந்துவிடும். "கதை முடிஞ்சது, கத்தரிக்கா காய்ச்சது" என்று அவர் முடிக்கும்போது கூட்டம் முழுவதும் சேர்ந்து சொல்லும்.

ஒன்பதாம் படி: வேற்றுமொழிக் கதைக்குத் துணை

புர்ரகதையோ பாண்டவானியோ வந்தால், வரிக்கு வரி மொழிபெயர்ப்பவரை மேடையில் நிறுத்தாதீர்கள், தாளம் அறுந்துபோகும். தொடங்கும் முன் இரண்டு நிமிடத்தில் கதையின் ஓட்டத்தையும், அடிக்கடி வரும் ஐந்தாறு சொற்களின் பொருளையும், எந்த இடத்தில் கூட்டம் குரல் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாரதக் கதையானால் நம் ஊர்க் கூட்டத்துக்கு அதுவும் அதிகம். துச்சாதனன் பெயர் காதில் விழுந்ததுமே என்ன நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒடியா இளைஞர் தன் பாட்டி கதையைச் சொல்லும்போது, முதலில் அவர் தன் மொழியிலேயே முழுதாகச் சொல்லிவிட, பிறகு அவரே தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லட்டும். தப்பும் தவறுமான அந்தத் தமிழுக்குக் கிடைக்கும் உம், செப்பமான மொழிபெயர்ப்புக்குக் கிடைக்காது.

பத்தாம் படி: பதிவும் உரிமையும்

நூறு கைப்பேசிகள் உயர்ந்தால் நூறு முகங்கள் மறைந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் படம் எடுக்கலாம், அதன் பின் குழுவின் ஒரே ஒளிப்பதிவு மட்டும் என்று அறிவித்துவிடுங்கள். அந்தப் பதிவுக்கும் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். கதை ஊர்ப்பொதுவாக இருக்கலாம். அன்று அவர் பாடிய பாட்டு அவருடையது. ஆவணத்துக்கு மட்டுமா, இணையத்தில் வெளியிடலாமா, வருவாய் வந்தால் யாருக்கு என்று எளிய தமிழில் ஒரு பக்கத் தாள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வேண்டாம் என்பவரைப் பதிவு செய்யாமல் கேட்டு மகிழுங்கள்.

பணமும் கணக்கும்

மொத்தச் செலவில் பாதியாவது கலைஞர்களின் ஊதியமாக இருக்கட்டும். பந்தலும் பதாகையும் அதைவிட அதிகமாகிவிட்டால் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஊர்க்கதை சொல்லிகளுக்கும் வெறுங்கையாக விடை கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு சிறு தொகையாகத் திரட்டினால் ஒரே புரவலரின் பெயர் மேடைக்குப் பின்னால் தொங்க வேண்டிய நிலை வராது. நுழைவுக் கட்டணம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திருவிழா முடிந்த வாரம்

வரவு செலவை ஒரு தாளில் எழுதி நூலகத்திலோ சங்கப் பலகையிலோ ஒட்டுங்கள். பதிவின் படியை ஒவ்வொரு கலைஞருக்கும் கதை சொல்லிக்கும் அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் சுற்றில் கதை கேட்கப் போன அதே இருவர் போவது நல்லது. கைப்பேசியில் அதைப் போட்டுக் காட்டும்போது பாட்டி பெரும்பாலும் தன் குரலைக் கேட்டுச் சிரிப்பார், பிறகு "நடுவுல ஒண்ண விட்டுட்டேன்பா" என்பார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உம் கொட்டுங்கள்.